மடையிலிருந்து தொடங்குங்கள்: கற்பனை நாட்டுக்கு அரசியலும் சட்டமும் பண்பாடும் அமைக்க ஒரு முழு வழிகாட்டி

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் என் முதல் நாட்டை உருவாக்கினேன். கோடு போடாத பெரிய நோட்டு. முதல் பக்கத்தில் கொடி, அடுத்து முத்திரை, அதற்கடுத்து 23 அரசர்களின் வம்சாவளி, ஆளுக்கொரு போர். பெருமையாகப் பாட்டாவிடம், அதாவது தாத்தாவிடம், காட்டினேன். அவருக்கு ராஜாக்கமங்கலம் பக்கம் கடைவரம்பில், அதாவது கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், கொஞ்சம் வயல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். "கொடி கொள்ளாம் மக்ளே. ஒனக்க நாட்டுல மடைய யாருடே தொறந்து விடுவா?"

பதில் இல்லை. 23 ராஜாக்களில் ஒருத்தருக்கும் அந்த வேலையை நான் கொடுத்திருக்கவில்லை.

நாவல், படக்கதை, விளையாட்டு என்று எதற்காக நாடு உருவாக்கினாலும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். செய்து காட்டுவதற்காக ஒரு நாட்டை இங்கேயே கட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு கடலுக்கு நடுவில் கிடப்பதால் அதன் பெயர் ஈராழி. மாதிரிக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஐரோப்பியக் கோட்டையைவிடத் தெரிந்த குளக்கரை நன்றாகக் கை கொடுக்கும்.

படி 1: எல்லைக்கோட்டுக்கு முன் தண்ணீர்

காகிதத்தில் முதலில் ஓர் ஆறு. அது எங்கே பிறக்கிறது, எங்கே தடுக்கப்படுகிறது, கடைசியாக யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் குறியுங்கள். அந்தக் கடைசி ஆள்தான் உங்கள் அரசியலின் முதல் பாத்திரம்.

குமரி மாவட்டத்தில் மலையிலிருந்து கடலுக்குப் பேருந்தில் அரை நாளில் வந்துவிடலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் அதற்குள் அடக்கம். பாலை மட்டும்தான் இல்லை. 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து வயலுக்கு வருகிறது. மாத்தூரில் பரளியாற்றின் பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்ததால் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டித் தண்ணீரை நடத்திக் கொண்டுபோனார்கள். இவ்வளவும் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு பூ (போகம்) நெல்லுக்காக. இத்தனைக்குப் பிறகும் 'கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை' என்ற செய்தியைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கலாம். ஒரு நாட்டின் அரசியல் முழுவதும் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கிறது.

ஈராழியில் சேம்பாறு என்று ஓர் ஆறு. மேலே மலையோரம்: மிளகு, தேன், மரம். நடுவில் ஏலா: நெல். எங்கள் பக்கத்தில் வயல்பரப்பை ஏலா என்றுதான் சொல்வோம். கீழே துறை: மீன், உப்பு. அணை மலையோரத்தில் இருக்கிறது, தண்ணீர் ஏலாவுக்குத் தேவைப்படுகிறது, ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் துறையில் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொள்கிறது. ஒரே தண்ணீர், மூன்று பேருக்கு மூன்று நியாயம்.

படி 2: காசு யார் பையில் போகிறது

இதற்கு ஒரு பக்கம் போதும். நாட்டின் வரியில் பாதிக்கு மேல் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். அந்தப் பொருள் எங்கே இருக்கிறதோ, படை அங்கே போகும். 1741ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனியும், எங்கள் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் நாட்டின் அரசர் மார்த்தாண்ட வர்மாவும் மோதிக்கொண்டதன் அடியில் இருந்தது மிளகு. தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே அரசருக்குப் படை பழக்கி, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமும் ஆனார். எதிரி நாட்டுக்காரன் நம் நாட்டில் என்ன ஆவான் என்று யோசிக்கிறவர்களுக்கு இது நல்ல விதை.

நாணயத்தைப் பத்து, நூறு என்று சுத்தமாக வைக்காதீர்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஏழால் வகுக்கிற சந்தையில் நிற்கும் மீன்காரம்மாவுக்கு மனக்கணக்கு எப்படி ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். அவளை ஏமாற்றப் பார்க்கிற வெளியூர்க்காரன் எந்த இடத்தில் திணறுவான் என்பதும் தெரிந்துவிடும். ஒரு காட்சி இலவசமாகக் கிடைத்தாயிற்று.

படி 3: ஏன் கீழ்ப்படிகிறார்கள்?

அரசர், குடியரசு, மூப்பர் சபை, எது வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆள்பவர் சொல்வதை மக்கள் எதற்காகக் கேட்கிறார்கள்? ஆள்பவர் இன்று இரவு இறந்தால் நாளைக் காலை யார் சொல் செல்லும்?

முதல் கேள்விக்குச் சரித்திரத்தில் விசித்திரமான பதில்கள் உண்டு. 1750ல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் கோவில் சாமியான பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார், திருப்படித்தானம் என்பார்கள். அதற்குப் பிறகு அரசர் வெறும் பத்மநாபதாசன், சாமியின் ஊழியன். அரசரை எதிர்த்தால் சாமியை எதிர்த்ததாகிவிடும். ஒரு சடங்கு, ஒரு படையணியின் வேலையைச் செய்தது.

இரண்டாம் கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. மருமக்கள்தாய முறையில் பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். முந்தைய அரசரின் பிள்ளைகளான தம்பிமார் அதை ஒத்துக்கொள்ளாமல் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களோடு சேர்ந்ததால்தான் மார்த்தாண்ட வர்மாவின் இளமை முழுக்க ஓட்டமும் ஒளிவுமாகப் போனது. அரண்மனையோடு இது நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளிலும் சொத்து மருமக்களுக்கே. சொந்தப் பிள்ளைக்கும் மனைவிக்கும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு மட்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதை வரிக்கு வரி கேலி செய்து நீண்ட பாட்டே எழுதினார். கொல்லம் ஆண்டு 1101ல், அதாவது 1926ல், சட்டம் போட்டுத்தான் மாற்ற முடிந்தது. வாரிசு முறை ஒன்றை மாற்றினால் அப்பா மகன் உறவு, கல்யாணப் பேச்சு, சாவு வீட்டு அழுகை எல்லாமே மாறும். இங்கே அவசரப்படாதீர்கள்.

(கொல்லம் ஆண்டு என்றதும் ஒன்று: உங்கள் நாட்டுக்குத் தனி ஆண்டுக்கணக்கு வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய ஆதாரங்களைப் பிரித்தால் பொது ஆண்டிலிருந்து 824 அல்லது 825 குறைத்த எண்தான் நிற்கும். ஓர் எண்ணே வாசகரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும்.)

ஈராழிக்கு அரசர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 31 பேர் கொண்ட ஒரு மன்றம் ஆள்கிறது. மக்கள் அதன் சொல்லைக் கேட்கக் காரணம், அணையின் சாவி அதனிடம் இருப்பது.

படி 4: சட்டம் என்பது பழைய சண்டையின் தழும்பு

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'கொலைக்கு மரண தண்டனை, திருட்டுக்குச் சிறை' என்று பத்து வரி எழுதிவிட்டு மூடிவிடுகிறார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொது. உங்கள் நாட்டில் மட்டும் இருக்கக்கூடிய சட்டம் எது? அதற்கு உங்கள் நாட்டில் மட்டும் நடந்த சண்டை ஒன்று வேண்டும்.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். ஆனால் மே மாதத்தில் ஒரு துறைமுகத்தில் படகு கட்டிக்கிடக்க, சில மைல் தள்ளி இன்னொரு துறைமுகத்தில் ஏலம் சத்தமாக நடக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டிலும் விசைப்படகு ஓடாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் அந்த நாட்களில் அவர்கள் கொண்டுவரும் மீனுக்குத் தனி மவுசு. நியாயமான ஒரு சட்டமே, காலண்டரில் கோடு போட்ட இடத்தால், மூன்று விதமான மனிதர்களை உண்டாக்கிவிட்டது. கற்பனையில் இதைவிடச் சிறப்பாக யாரும் செய்ய முடியாது.

இப்போது ஈராழிக்கு ஒரு சட்டம் எழுதுவோம்.

சண்டை: தலைமடைக்காரர்கள் தண்ணீரை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வருஷம் கடைவரம்பில் நாற்று கருகி, வெட்டுக்குத்து ஆகிறது. மன்றம் கூடி மடைச் சட்டம் போடுகிறது. அதன் மூன்றாம் பிரிவு:

'மடை திறந்த 7ஆம் நாள் கடைவரம்பு வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். நில்லாதபட்சத்தில் தலைமடையை 2 இரவு அடைக்க வேண்டும்.'

எழுதி முடித்ததும் எதிர்க்கட்சி வக்கீலாக மாறுங்கள். யாருடைய கணுக்கால்? நெட்டையனுடையதா, குட்டையனுடையதா? அடுத்த வருஷமே வழக்கு வரும். தீர்ப்பு: ஒவ்வோர் ஏலாவின் கடைசி வயலிலும் ஒரு கல் நட வேண்டும், அதில் ஒரு கோடு. பெயர் 'கணுக்கால் கல்'. கல் வந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். அளவையர் என்று ஒரு உத்தியோகம் பிறக்கிறது. உத்தியோகம் வந்தால் கைமடக்கும் வரும். எந்த அளவையருக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பது ஊருக்கே தெரியும். கல்லை இரவோடு இரவாக அரை சாண் தாழ்த்திவிட்டால் கொஞ்சத் தண்ணீரிலேயே கோடு நனைந்துவிடுமே! ஆகவே கல்லை அசைப்பது குற்றம் என்று நான்காம் பிரிவு வருகிறது.

ஒரு சட்டம், அதன் ஓட்டை, ஓட்டையை அடைக்க ஓர் அதிகாரி, அதிகாரியை மடக்க ஒரு வழி, அதைத் தடுக்க இன்னொரு சட்டம். இந்தச் சங்கிலியை நான்கு கண்ணிவரை ஓட்டினால் போதும். உங்கள் நாட்டுக்கு நீதிமன்றமும் லஞ்சமும் புறம்பேச்சும் கிடைத்துவிடும். எனக்கு இந்தப் பகுதியை எழுதத்தான் எப்போதும் பிடிக்கும்.

நிரூபிக்கும் முறையையும் மறக்காதீர்கள். சுசீந்திரம் கோவிலில் முன்பு கைமுக்கு என்றொரு சோதனை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கை விட வேண்டும்; புண் ஆறுகிற விதத்தைப் பார்த்துத் தீர்ப்பு. திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். உங்கள் நாட்டில் சாட்சியை நம்புகிறார்களா, எழுத்தையா, சத்தியத்தையா, நெய்யையா? ஈராழியில் கல்லை நம்புகிறார்கள். கோடு நனைந்திருந்தால் நனைந்ததுதான், மேற்கொண்டு பேச்சில்லை. இந்த நம்பிக்கையைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

படி 5: மன்றத்துக்குள் கூட்டல் கழித்தல்

கட்சிகளுக்குப் பெயரும் சின்னமும் வைக்கும் முன் எண்ணிக்கையைப் போடுங்கள். ஈராழி மன்றத்தில் ஏலாக்காரர் 14, துறைக்காரர் 9, மலையோரத்தார் 8. மொத்தம் 31, சட்டம் நிறைவேற 16 வேண்டும்.

பார்வைக்கு ஏலாக்காரர்தான் பெரிய கை. கூட்டிப் பாருங்கள்: ஏலாவும் துறையும் 23, ஏலாவும் மலையும் 22, மலையும் துறையும் 17. எந்த இருவர் சேர்ந்தாலும் ஜெயம். எவரும் தனியாக ஜெயிக்க முடியாது. ஆக 14க்கும் 8க்கும் பேரத்தில் ஒரே விலை. ஏலாக்காரர் இதை உணர்கிற நாள்தான் உங்கள் கதையின் முதல் நெருக்கடி.

அவர்கள் என்ன செய்வார்கள்? 'அணை சம்பந்தப்பட்ட எதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்' என்று ஒரு விதியை நைசாக நுழைப்பார்கள். 31ல் மூன்றில் இரண்டு என்றால் 21. மலையும் துறையும் சேர்ந்த 17 இப்போது போதாது. ஏலாக்காரர் இல்லாமல் அணையில் ஒரு செங்கல் அசையாது. ஒரு பின்னத்தை மாற்றியதில் ஆட்சியே கை மாறிவிட்டது. ஒருத்தரும் கத்தி எடுக்கவில்லை. அந்த விதி எந்த மழைக்கால ராத்திரியில், யார் வராத நேரத்தில் நிறைவேறியது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: பண்பாடு, அதாவது எழுதாத சட்டம்

ஆடல், பாடல், விழா என்று பட்டியல் போட்டால் சுற்றுலாத்துறைத் துண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். யார் எதை உடுத்தலாம், எந்தத் தெருவில் நடக்கலாம், யார் முன்னால் உட்காரலாம் என்று கேளுங்கள். வலிக்கிற கேள்விதான். அதைத் தாண்டிப்போன கற்பனை நாடுகளில் மனிதர்களெல்லாம் பொம்மையாகத்தான் நிற்பார்கள்.

தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி 1859வரை நீண்டது. அந்த ஆண்டு வந்த அரசு அறிவிப்பு மார்பை மறைக்க அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது. வெற்றிக்குள்ளேயே ஒரு கிள்ளு. ஆள்பவர்கள் இறங்கிவரும்போது எப்படி இறங்குவார்கள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் நாட்டில் ஏதாவது உரிமை கொடுக்கும்போது அதன் வாலில் ஒரு 'ஆனால்' வையுங்கள்.

எதிர்ப்பும் பண்பாடாகத்தான் வெளிப்படும். சாமித்தோப்பில், சாதிக் கொடுமையை எதிர்த்த சமயத் தலைவர் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு அமைத்தார். வழிபாட்டில் கண்ணாடி வைத்து, பார்க்கிறவர் தன்னையே பார்க்கும்படி செய்தார். தலையில் ஒரு துணி, ஒரு கிணறு, ஒரு கண்ணாடி. மூன்றும் கையால் தொடக்கூடிய பொருட்கள். உங்கள் நாட்டின் புரட்சிக்காரர் பேசும் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்து, அவர் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்.

சடங்குக்கு ஒரு ரகசியமும் வேண்டும். சுசீந்திரத்தில் அர்த்தஜாமப் பூஜை செய்தவர் மறுநாள் காலைப் பூஜை செய்வதில்லை. இரவில் இந்திரன் வந்து பூஜை செய்கிறான் என்பது நம்பிக்கை. 'அகம் கண்டது புறம் கூறேன்' என்று பூசாரிகள் உறுதி சொல்வார்கள் என்பதைச் சின்ன வயதில் கேட்டபோது உள்ளே என்னதான் நடக்கிறது என்று தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். காரணத்தை முழுக்க விளக்கிவிட்ட சடங்கு செத்த சடங்கு.

பேச்சு வழக்கில் ஒன்றிரண்டு சொல் போதும். விளவங்கோடு பக்கம் குடிக்க வெள்ளம் கேட்பார்கள், தோவாளைக்காரர் தண்ணீர் கேட்பார். ஒரே மாவட்டம்தான். ஒரு சொல்லை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று பேருந்தில் கண்டுபிடித்துவிடலாம். புது மொழியே உருவாக்குகிறேன் என்று இலக்கணத்தில் இறங்கியவர்கள் பலர் கதைக்குத் திரும்பி வந்ததே இல்லை; நானும் இரண்டு வருஷம் அங்கே தொலைந்தவன்தான்.

சாப்பாட்டில் விருந்தை விட்டுவிட்டுப் பஞ்சத்தை எழுதுங்கள். அரிசி கிடைக்காத காலத்தில் தெற்குத் திருவிதாங்கூரின் வயிற்றை நிரப்பியது மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கு. இன்று அதுவே மீன்கறியோடு சேர்ந்து எங்கள் பெருமைச் சாப்பாடு. ஈராழிக்காரர்கள் பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், பேரப்பிள்ளைகள் அதை எந்த விசேஷத்தில் ஆசையாகக் கேட்கிறார்கள்?

இப்போது நம் கல்லுக்குத் திரும்புவோம். நூறு வருஷம் ஆனபின் அது வெறும் கல்லாக இருக்குமா? மடை திறக்கிற நாளில் மஞ்சள் பூசுவார்கள். கோடு முதலில் நனைவதைப் பார்க்கிற பெண்ணுக்குப் புதுச்சேலை. 'கல் நனையாமல் கல்யாணம் வைக்காதே' என்று பழமொழி வந்துவிடும். தண்ணீர் வந்தால்தானே நெல், நெல் இருந்தால்தானே பந்தல். கடன் வாங்கினவன் 'கல் நனையட்டும், தருகிறேன்' என்பான். துறைக்காரர்களுக்கு இந்தக் கல்லைக் கண்டாலே இளக்காரம். 'கல்லுக்குக் கால் கழுவுகிறவர்கள்' என்று ஏலாக்காரர்களைக் கிண்டல் செய்வார்கள். விழா, பழமொழி, வசவு மூன்றும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலிருந்தே முளைத்தன.

படி 7: எல்லையைக் கோணலாக விடுங்கள்

நிரந்தர மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று 1933ன் மான்டிவிடியோ ஒப்பந்தம் ஒரு நாட்டுக்கு நான்கு தகுதி சொல்கிறது. சரிபார்க்க அது போதும். சுவாரசியம் மிச்சம் மீதியில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி முன்னின்ற நீண்ட போராட்டம், 1954ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலிகள், எல்லாம் அதன் பின்னால் உண்டு. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் வரவில்லை, கேரளத்திலேயே நின்றுவிட்டன. பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது, அங்கே இருக்கிற அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தக்கலையில் டீ குடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் அடுத்த மாநிலத்தின் சீட்டு வாங்கி உள்ளே போகலாம்.

உங்கள் வரைபடத்திலும் இப்படி ஒரு கட்டிடம் அடுத்தவன் கையில் இருக்கட்டும். ஈராழியின் பழைய உப்புக் கிடங்கு ஒன்றின் சாவி பக்கத்து நாட்டிடம் இருக்கிறது. ஏன் என்று நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

படி 8: சரித்திரம் எழுதாதீர்கள், காகிதம் எழுதுங்கள்

எல்லாம் தயாரானபின் நாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற ஆசை வரும். அடக்கிக்கொண்டு, அந்த நாட்டுக்காரர்களே எழுதியிருக்கக்கூடிய துண்டுக் காகிதங்களை எழுதுங்கள்: சந்தை விலைப்பலகை, கல்யாண அழைப்பு, வரி ரசீது, ஒரு மனு. எழுதும்போது கை நிற்கிற இடத்தில்தான் நாட்டில் ஓட்டை இருக்கிறது. விலைப்பலகை எழுதப் போய்த்தான் ஈராழியில் எண்ணெய் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நான் முடிவே செய்யவில்லை எனத் தெரிந்தது.

பிறகு வேறு திணைக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நான் கடற்கரை நண்பனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எலே, துறைக்காரன் ஒருத்தனாவது இதில சிரிக்கானா? எல்லாவனும் கோபமாவே இருக்கானே" என்றான். அன்று ராத்திரி துறைப்பகுதி முழுவதையும் திரும்ப எழுதினேன். கல்லுக்குக் கால் கழுவுகிற கிண்டல் அப்போது வந்ததுதான்.

ஈராழிக்கு நான் கடைசியாக எழுதிய காகிதம் ஒரு மனு. கடைவரம்பிலிருந்து ஒரு பெண் மன்றத்துக்கு எழுதுகிறாள்:

'ஐயா, மடை திறந்து இன்றோடு 9 நாள். எங்கள் வயலில் ஈரமே இல்லை. அளவையர் நேற்று வந்தார். கல்லைச் சுற்றி மட்டும் வரப்புக் கட்டி, இரண்டு குடம் ஊற்றி, கோடு நனைந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அந்தக் குடம் எங்கள் வீட்டுக் குடம். குடிக்க வைத்திருந்த தண்ணீர்.'

மனுவின் ஓரத்தில், சிவப்பு மையில், அலுவலகக் குறிப்பு:

'கல் நனைந்துள்ளது. தள்ளுபடி.'